விடியும்வரை மூச்சு விட்ட குட்டி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், 1960களின் கடைசியில் ஒரு காலை. நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ் தன் ஆய்வுக்கான செம்மறி ஆடுகளைப் பார்க்க வருகிறார். இரவோடு இரவாக ஓர் ஆடு ஈன்றிருந்தது. அது அவர் எதிர்பார்த்ததுதான். வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக்கு ஹார்மோன் ஏற்றி, வேளைக்கு முன்பே பிரசவ வலியை வரவழைப்பதுதான் அவருடைய சோதனை. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். இந்தக் குட்டிக்கு 117 நாள்தான் ஆகியிருந்தது. அந்த வயதில் பிறக்கும் குட்டி ஓரிரு தடவை வாயைத் திறந்து மூடும், அத்தோடு அடங்கிவிடும். இதுவோ கிடந்த இடத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அது நிலைக்கவில்லை. ஆனால் அறுத்துப் பார்த்தபோது நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று ஏறி விரிந்திருந்தது. அந்த வயதில் விரியவே வழியில்லாத நுரையீரல் அது.

அந்தக் குட்டியில் தொடங்கி, இன்று குறைமாத வலியோடு வரும் பெண்ணுக்குப் போடும் ஊசிவரை வந்த பாதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஆராய்ச்சிப் பகுதி அழகானது. நிரூபணம் கையில் கிடைத்த பிறகு 20 ஆண்டு நடக்காமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மணி அடிப்பது யார்?

லிகின்ஸை எல்லோரும் ‘மாண்ட்’ என்றுதான் அழைத்தார்கள். அவருடன் அதே மருத்துவமனையில் வேலை பார்த்தவர் வில்லியம் லைலி. 1963இல் கருப்பைக்குள் இருக்கும் சிசுவுக்கே ரத்தம் ஏற்றிக் காட்டியவர் அவர். எதை எடுத்து ஆராயலாம் என்று லிகின்ஸ் கேட்க, மகப்பேறு மருத்துவத்தில் தீராமல் கிடக்கும் பெரிய சிக்கல் குறைப்பிரசவம்தான் என்று லைலி சொன்னார். குறைப்பிரசவத்தைத் தடுக்க வேண்டுமென்றால், நிறைமாதப் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது அப்போது யாருக்கும் தெரியாது. அத்தனை மாதம் சும்மா இருந்த கருப்பை ஒரு நாள் இறுகத் தொடங்குகிறது. மணி அடிப்பது தாயின் உடலா, நஞ்சுக்கொடியா, உள்ளே இருக்கும் பிள்ளையா?

துப்பு கிடைத்தது மேய்ச்சல் காட்டிலிருந்து. அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளில் வெராட்ரம் என்றொரு செடி வளர்கிறது. சினை பிடித்த 14ஆம் நாள் அதைத் தின்ற ஆடு, நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டி போடும். சில ஆடுகள் போடுவதே இல்லை. நாள் தாண்டும், வாரம் தாண்டும், குட்டி உள்ளேயே பெருத்துக்கொண்டு போகும். இப்படி உள்ளேயே தங்கிய குட்டிகளின் மூளை உருக்குலைந்து, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இல்லாமலோ இடம் மாறியோ இருந்தது. தாய் ஆட்டின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் நாள் குறிப்பது குட்டியின் தலைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்று லிகின்ஸ் ஊகித்தார்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அவர் அதைச் சோதித்தார். சினை ஆட்டின் வயிற்றைத் திறந்து, கருப்பைக்குள் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை மின்சாரத்தால் பொசுக்கி, மறுபடி தைத்து மூடினார். செம்மறியிடம் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் சுமக்கும். குட்டி ஏறக்குறைய மனிதக் குழந்தை அளவு இருக்கும். எல்லாவற்றையும்விட, அதன் கருப்பையைக் கத்தியால் திறந்து மூடினாலும் சினை கலையாமல் நிற்கும். எலியிலோ முயலிலோ இந்த வேலை இவ்வளவு எளிதில்லை. பிட்யூட்டரி பொசுங்கிய குட்டிகளைச் சுமந்த ஆடுகள் நாள் கடந்தும் ஈனவில்லை.

பிறகு ஆக்லாந்தில் அதையே திருப்பிப் போட்டார். குட்டியின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனையோ, அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலையோ நேரடியாகக் குட்டிக்குள் ஏற்றினார். சில நாளில் ஆடு ஈன்றது. எந்த வயதுக் குட்டியாக இருந்தாலும் ஈன்றது. செம்மறியில் மணி அடிப்பது குட்டிதான். 1968இலும் 1969இலும் இந்த முடிவுகள் அச்சாயின. விடியும்வரை மூச்சு விட்ட அந்தக் குட்டி இந்தச் சோதனைகளுக்கு நடுவே வந்ததுதான். லிகின்ஸ் தேடியது பிரசவ வலியின் தொடக்கத்தை. குட்டியின் நுரையீரல் அவர் கேட்காத கேள்விக்குப் பதிலாக இருந்தது.

ஈரல் மாதிரி ஒரு நுரையீரல்

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: ஏழாம் மாசம் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தது பிழைக்காது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம், காரணம் நுரையீரல்.

நுரையீரலின் காற்றறைகள் ஈரமானவை. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல், ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் அவை ஒட்டிச் சுருங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான கொழுப்புப் பூச்சு. நிறைமாதம் நெருங்கும்போதுதான் இது போதிய அளவு சுரக்கும். அது இல்லாத குழந்தை பிறந்தவுடன் முனகும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுக்கும், மூக்கு விடைக்கும். ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப்போல் பாடுபட்டு எடுக்க வேண்டும். சில மணி நேரத்தில் குழந்தை களைத்துவிடும். இறந்த குழந்தையின் நுரையீரல் காற்றில்லாமல், ஈரல் துண்டு மாதிரி கெட்டியாக இருக்கும். சர்ஃபாக்டன்ட் குறைவுதான் இதற்கு மூலம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். நோயின் காரணம் தெரிந்தும் கொடுக்க மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 2.1 கிலோ. 39 மணி நேரம் உயிரோடு இருந்தான். அதிபரின் பிள்ளைக்கே அன்றைக்கு வழியில்லை.

ஆக்லாந்துக் குட்டி ஒரு வழியைக் காட்டியது. கார்ட்டிசால் வகை ஹார்மோன் பிரசவத்தை முன்தள்ளியதோடு, நுரையீரலையும் முன்கூட்டியே பழுக்க வைத்திருக்கிறது. இயற்கையிலும் நிறைமாதத்தை ஒட்டிச் சிசுவின் கார்ட்டிசால் ஏறும். லிகின்ஸ் ஊசியால் செய்தது அந்த ஏற்றத்தை முன்னால் இழுத்து வந்ததுதான். ஏவரியின் குழுவும் ஆட்டுக்குட்டிகளில் இதைச் சோதித்து உறுதி செய்தது.

பால் நிறத்தில் இரண்டு ஊசி

அதே மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் ராஸ் ஹோவி. மூச்சுத் திணறி இறக்கும் குழந்தைகளை நாள்தோறும் கையில் ஏந்தியவர். 1969 டிசம்பரில் லிகின்ஸும் அவரும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அதன் வடிவமைப்பைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் மருந்து. கார்ட்டிசாலைத் தாய்க்குக் கொடுத்தால் பயனில்லை. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதைப் பெருமளவு செயலிழக்கச் செய்துதான் குழந்தைப் பக்கம் அனுப்பும். கார்ட்டிசால் வகையைச் சேர்ந்த செயற்கை மருந்தான பீட்டாமெத்தசோன் அந்த வடிகட்டலுக்குப் பெரிதாக அகப்படாமல் கடந்து போகும். 12 மில்லிகிராம் வீதம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி.

அடுத்து ஒப்பீடு. பீட்டாமெத்தசோன் ஊசி பார்க்கப் பால்போல் கலங்கலாக இருக்கும். எதிர்க்குழுவுக்குத் தெளிந்த உப்புநீரைப் போட்டால் ஊசி போடுகிறவருக்கே தெரிந்துவிடும். அதனால் அதேபோல் கலங்கலாக இருக்கும் கார்ட்டிசோன் அசிட்டேட்டைத் தேர்ந்தார்கள். அதன் வீரியம் பீட்டாமெத்தசோனில் எழுபதில் ஒரு பங்கு. எந்தத் தாய்க்கு எது போனது என்று வார்டில் யாருக்கும் தெரியாது.

மருந்து வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டுமே, அதுவரை வலியைத் தள்ளிப்போட வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு எத்தனாலை, அதாவது சாராயத்தை, நரம்பு வழியே ஏற்றினார்கள். பிறகு சால்பியூட்டமாலுக்கு மாறினார்கள். இடுப்பு வலியோடு, பிள்ளை பிழைக்குமா என்ற பயத்தோடு, தலை கிறுகிறுத்துப் படுத்திருந்த அந்தப் பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஆய்வின் எண்கள் அத்தனையும் அவர்கள் உடம்பிலிருந்து வந்தவை.

1972இல், முதல் 282 தாய்மார்களின் முடிவு வெளியானது. ஒப்பீட்டுக் குழுவில் பிறந்து சில நாளிலேயே இறந்த குழந்தைகள் 15 சதவீதம். பீட்டாமெத்தசோன் குழுவில் 3.2 சதவீதம். மூச்சுத் திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. 32 வாரத்துக்கு முன் பிறந்து, ஊசி போட்டு ஒரு நாளாவது கழிந்திருந்த குழந்தைகளில் இந்த நோயின் வித்தியாசம் இன்னும் கண்கூடு: 69.6 சதவீதம் எங்கே, 11.8 எங்கே. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம். ஓர் எச்சரிக்கையையும் மறைக்காமல் எழுதினார்கள். கடுமையான ரத்தக்கொதிப்பு இருந்த தாய்மாரிடம் மருந்துக் குழுவில் வயிற்றிலேயே சிசு இறப்பது கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அந்தச் சந்தேகம் உறுதிப்படவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இதே மருத்துவமனையில், இதே ஆண்டுகளில், ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களில் பலருக்கு, அது புற்றாக மாறாது என்ற தன் கருத்தை நிறுவுவதற்காக, 1966 முதல் முழுச் சிகிச்சை தராமல் கண்காணித்து வந்தார். தாங்கள் ஓர் ஆய்வுக்குள் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பலருக்குப் புற்று முற்றியது, சிலர் இறந்தார்கள். 1987இல் இரு பெண்கள் ஒரு பத்திரிகையில் எழுதி வெளிக்கொணர்ந்த பிறகுதான் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. 1988இல் அறிக்கை வந்தது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் தன் ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார், இன்னொருவர் தன் ஊகத்துக்குப் பெண்களைப் பலி கொடுத்தார். நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையின் வரலாற்றை எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்தேதான் எழுத வேண்டும்.

இருபது ஆண்டு

1972இல் முடிவு வந்தது. மருந்தோ மலிவு, ஊசியோ சாதாரணம். மறுநாளே உலகம் எடுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். எடுத்துக்கொள்ளவில்லை.

பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. 1940களிலிருந்து டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவு தடுக்கும் என்று சொல்லி எண்ணற்ற கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953இல் சிகாகோவில் முறையாகச் சோதித்து, அது எதையும் தடுக்கவில்லை என்று காட்டினார்கள். ஆனாலும் விற்பனை ஓடியது. 1971இல் பாஸ்டனில் இளம்பெண்கள் எட்டுப் பேருக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் இருந்தது தெரிந்தது. அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தில் அந்த மருந்தை உட்கொண்டவர்கள். கர்ப்பிணிக்கு ஹார்மோன் என்றாலே மருத்துவர்கள் அஞ்சிய நேரத்தில்தான் ஆக்லாந்து முடிவு வந்து சேர்ந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பயனில்லை என்று நிரூபணமான மருந்து அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 20 ஆண்டு ஓடியது. பயனுண்டு என்று நிரூபணமான மருந்து கிட்டத்தட்ட 20 ஆண்டு காத்துக் கிடந்தது.

பயம் ஒன்றே காரணமுமில்லை. ஒவ்வொரு ஊரிலும் சிறு சிறு சோதனைகள் நடந்தன. தனித்தனியே பார்த்தால் பல சோதனைகளில் ஆள் போதாது, முடிவு இரண்டுங்கெட்டானாக நின்றது. 1981இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சில வகைக் குழந்தைகளுக்கே பயன் என்பதுபோல் தோற்றம் தந்தது. மருந்து பழையது, மலிவானது, அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் வாசலுக்குப் போக எந்த நிறுவனத்துக்கும் அவசரமில்லை. 1980களில் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்தும் செயற்கையாகவும் சர்ஃபாக்டன்ட் மருந்துகள் வந்தபோது, இனித் தாய்க்கு ஊசி எதற்கு என்று சிலர் நினைத்தார்கள். உண்மையில் இரண்டும் சேரும்போது குழந்தைக்கு இன்னும் நல்லது.

முடிச்சு அவிழ்ந்தது கூட்டிப் பார்த்தபோது. பெட்ரீஷியா க்ரௌலி, இயன் சால்மர்ஸ், மார்க் கெயர்ஸ் மூவரும் 12 சோதனைகளை ஒன்றாகத் திரட்டி 1990இல் வெளியிட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தன. மருத்துவச் சோதனைகளை இப்படித் திரட்டிப் பார்ப்பதற்கென்றே பின்னர் பிறந்த காக்ரேன் அமைப்பின் சின்னத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் ஒரு செங்குத்துக் கோடு, குறுக்கே ஏழு சிறு கோடுகள், அடியில் ஒரு வைரம். அது அலங்காரமில்லை. இந்த மருந்தைப் பற்றிய ஏழு சோதனைகளின் படம் அது. நடுக்கோடு என்றால் வித்தியாசம் இல்லை என்று பொருள். பல கோடுகள் அதைத் தொட்டு, தயங்கி நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிய முடிவான வைரம் தயங்காமல் தள்ளி நிற்கும். கூட்டிப் பார்க்காததால் பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகள் வீணாகத் துன்புற்று இறந்திருக்கக்கூடும் என்று அந்த அமைப்பே சொல்கிறது. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வல்லுநர்களைக் கூட்டி, ஊசியைப் பரவலாகப் போடச் சொன்னது. அன்றைக்கு அந்நாட்டில் தேவைப்பட்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. முதல் முடிவு வந்து 22 ஆண்டு ஆகியிருந்தது.

ஆடு வேறு, பெண் வேறு

லிகின்ஸ் தேடியது கிடைத்ததா? ஆட்டில் கிடைத்தது. குட்டியின் கார்ட்டிசால் ஏறும்போது செம்மறியின் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி விழித்து, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் பக்கம் திருப்பிவிடும். ஒன்று இறங்கும், மற்றது ஏறும், புரோஸ்டாகிளாண்டின் சுரந்து கருப்பை இறுகும். பெண்ணின் நஞ்சுக்கொடியில் அந்த நொதி இல்லை. பிரசவத்துக்கு முன் அவள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அப்படிச் சரிவதும் இல்லை. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி தொடங்குவதும் இல்லை. பாலூட்டிகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் வலியைத் தொடங்கும் சாவி இனத்துக்கு இனம் மாறுகிறது. நுரையீரல் பழுக்கும் விதம் மட்டும் பொதுவாக நின்றது. மருந்து ஆட்டிலிருந்து பெண்ணுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்ததே இந்தப் பொருத்தத்தால்தான். ஆட்டில் பார்த்ததை அப்படியே நம்பாமல் ஹோவியும் லிகின்ஸும் பெண்களிடம் முறையாகச் சோதித்தது இதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெண்ணின் பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்பது இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. 2020இல் மட்டும் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. இந்தியாவில் சுமார் 30 லட்சம்.

ஏழை நாட்டுக்கு வந்தபோது

2014இல் இந்திய சுகாதார அமைச்சகம், 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட பெண்ணுக்கு, பீட்டாமெத்தசோன் வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் போட வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராம செவிலியரே போடலாம் என்றது. சில மாதத்திலேயே ஒரு பெரிய ஆய்வு வந்து எல்லோரையும் கலக்கியது. இந்தியாவின் பெல்காம், நாக்பூர் உட்பட ஆறு நாடுகளின் பல பகுதிகளில், கிட்டத்தட்ட 1 லட்சம் பிறப்புகள். ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை, மொத்தத்தில் சற்றுக் கூடியது. தாய்மாருக்குத் தொற்றும் கூடியது. காரணங்களில் ஒன்று, ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை அவ்வளவு முந்திப் பிறக்கவே இல்லை என்பது. வாரக் கணக்கு தவறினால் தேவையில்லாதவளுக்கும் மருந்து போகும்.

உலக சுகாதார நிறுவனம் மறுபடி சோதித்தது. இம்முறை இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா. 29 மருத்துவமனைகள், 2,852 பெண்கள். ஸ்கேனில் வாரம் உறுதியாகி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி உள்ள இடங்கள். 2020இல் வந்த முடிவு: பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6ஆக இறங்கியது. பயன் தெளிவாகிவிட்டதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இனி வார்டுக்கு வருவோம். நம் ஊரில் டெக்சாமெத்தசோன் 2 மில்லிக் குப்பியில் வரும், மில்லிக்கு 4 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 6 மில்லிகிராம், அதாவது ஒன்றரை மில்லி. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை. ஒரு குப்பியின் விலை கடையில் ஒரு காபிக்கும் காணாது. கடினமான வேலை ஊசிக்கு முந்தைய கேள்வியில்தான் இருக்கிறது.

“எத்தனை மாசம்மா?”

“எட்டு நடக்குது சிஸ்டர்.”

“மாசக் கணக்கு வேண்டாம்மா. கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?”

பெண் யோசிப்பாள். பக்கத்தில் நிற்கும் மாமியார், “பொங்கல் கழிஞ்சு அஞ்சாறு நாள் இருக்கும் சிஸ்டர், கரிநாள் அன்னிக்கு நல்லா இருந்தா” என்பார். பையிலிருந்து முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வெளியே வரும், மடிப்பில் கிழிந்து. செவிலியர் விரல்விட்டு எண்ணி, ரிப்போர்ட்டோடு ஒத்துப்பார்த்து, 31 வாரம் என்று எழுதுவார். தொடையில் ஒன்றரை மில்லி. 108 வந்து நிற்கும்போது, அனுப்பும் சீட்டின் மேல் மூலையில் நேரத்தைப் பெரிதாக எழுதி அடிக்கோடிடுவார்: முதல் டோஸ், மாலை 4.20. அடுத்தது விடிகாலை 4.20க்கு, போய்ச் சேரும் மருத்துவமனையில்.